சின்னம்மா நிற்காத படம்

சின்னம்மாவின் தோல் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலையாக இருந்தது. அம்மாவின் தங்கையான அவள், மலாக்காவில் காஜா பெராங்கில் எங்களோடுதான் வாழ்ந்தாள். முழங்கை, புறங்கை, காதோரம் என்று சிவந்த திட்டுகள். அவற்றின்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில். காலையில் அவள் பாய் விரித்திருந்த இடத்தை, மற்றவர்கள் எழுமுன் அம்மா பெருக்கிவிடுவாள். வேப்பெண்ணெய், குப்பைமேனி, சீன வைத்தியர் கொடுத்த கறுப்புக் கஷாயம், கிளினிக்கில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் கொடுத்த தார் நாற்றக் களிம்பு எல்லாம் வந்து போயின. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், இது குஷ்டமில்லை, யாருக்கும் ஒட்டாது, போகவும் போகாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிட்டார். முதல் இரண்டையும் ஊர் நம்பவில்லை. மூன்றாவதை நாங்கள் நம்பவில்லை.

கோயிலில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் காற்று வாங்கப் போவதுபோல் எழுந்துகொள்வார்கள். கடைக்காரர் சாமானை அவள் கையில் தராமல் பலகைமேல் வைப்பார். பக்கத்து வீட்டில் கெபாயா உடுத்திய மலாக்கா செட்டி மாது ஒருத்தி இருந்தாள். நம் சாமியைத்தான் கும்பிடுவாள், பேச்சு மட்டும் மலாய். அவள் ஒருத்திதான் நேராகவே கேட்டாள், "இனி ஜங்கிட் கா?" இது தொற்றுமா என்று. சின்னம்மா "தாக்" என்றாள். இல்லை என்ற அந்த ஒரு சொல் செட்டி மாதுக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. மற்றவர்களோ கேட்காமலேயே ஆயுசு முழுக்க விலகி நின்றார்கள். சின்னம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் கொண்டாடிய வருஷம் அக்காவுக்குச் சிரம்பானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தோடு எடுத்த படம் ஒன்று கேட்டார்கள். சம்பந்தத்தைக் கொண்டுவந்தது அப்பாவின் அக்கா. அத்தை எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னாள்:

"படத்துல உன் தங்கச்சியயும் நிக்க வெச்சிடாத. கைய பாத்தா கேப்பாங்க. நாளைக்கு பொண்ணுக்கும் வரும்னு நெனச்சிட்டா?"

"அத எப்படி அண்ணி அவகிட்ட சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவளுக்கே தெரியும்."

பின்பக்கம் கிணற்றடியில் சின்னம்மாவின் வாளிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

மறுநாள் காலை சின்னம்மா, மணிக்கட்டு வரை கை வைத்துத் தானே தைத்த ரவிக்கையும் ஊதாச் சேலையும் உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். புறங்கையில் பவுடர் பூசியிருந்தாள். அம்மாவிடம் மெதுவாக, "நா பின்னாடி நின்னுக்கிறேங்க்கா. கைய மறச்சுக்கிறேன்" என்றாள். அம்மா அத்தையைப் பார்க்காமல், "நில்லுடி" என்றாள். அப்பா சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே அது துடைத்த சைக்கிள்.

டவுனில் ஸ்டூடியோ வாசலெல்லாம் புதுக்கொடி கட்டியிருந்தது. அந்த வருஷம் எல்லோருக்கும் படம் பிடித்துக்கொள்ள ஆசை. உள்ளே விளக்குகளின் சூட்டில் சின்னம்மாவின் பவுடர் கரைந்துவிட்டது. படம் பிடிக்கும் சீனருக்கு எங்கள் வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. அம்மா மடியில் தம்பியை வைத்து உட்காரச் செய்தார், பக்கத்து நாற்காலியில் அக்கா, பின்னால் அப்பாவும் சின்னம்மாவும், தரையில் நான். அத்தை கதவோரம் நின்றாள். சீனர் அழகாக இருக்கட்டும் என்று, சின்னம்மாவின் கையை அக்காவின் தோள்மேல் வைக்கச் சொன்னார்.

சின்னம்மா கையைத் தூக்கினாள். அக்காவின் தோள் ஒரு நூல் விலகியது. தெரிந்து செய்தாள் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. சின்னம்மாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். ஆனால் விலகியது. தூக்கிய கை அப்படியே இறங்கிவிட்டது.

"தம்பி அழுவான் போல இருக்குக்கா. நா முன்னால நின்னு வேடிக்க காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா வரிசையைவிட்டு விலகி வந்தாள்.

தம்பி அழவே இல்லை. விரலைச் சூப்பிக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை.

படம் நன்றாக வந்தது. சிரம்பான்காரர்களுக்குப் பிடித்துப்போய், தை மாதமே கல்யாணம் நடந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சின்னம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. அதையும் அவளே சொன்னாள். அத்தை பயந்ததிலும் தப்பில்லை. வரவேண்டியது பிற்பாடு வரத்தான் செய்தது, அக்காவுக்கு இல்லை, எனக்கு. நாற்பதைத் தாண்டியபோது முழங்கையில் முதல் திட்டு. அரிப்புகூடப் பழகிவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் இது ஒட்டாது என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் இன்னும் பழகவில்லை.

ஸ்டூடியோவில் நடந்த கடைசி விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சின்னம்மா காமிராவுக்குப் பக்கத்தில் நின்று, தம்பியின் கிலுகிலுப்பையைத் தலைக்குமேல் பிடித்து ஆட்டினாள். கண்ணை உருட்டினாள், கோழிபோல் கத்தினாள். அவள் அப்படியெல்லாம் செய்வாள் என்று எங்களுக்கே தெரியாது. தம்பி சிரித்தான், அக்கா சிரித்தாள், அப்பாகூடப் பல் தெரியச் சிரித்தார். படத்தில் ஒருவர் கண்ணும் நேராக இல்லை; எல்லோரும் கொஞ்சம் பக்கவாட்டில், அவளைத்தான் பார்க்கிறோம்.

சீனர் "சுடா, சுடா" என்றார். முடிந்துவிட்டதாம். கறுப்புத் துணியைக்கூட இழுத்து மூடிவிட்டார். அடுத்த குடும்பம் வாசலில் நின்றது. சின்னம்மா நிறுத்தவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நெற்றி வியர்த்து, சேலைத் தலைப்பு நழுவி, ரவிக்கைக் கை முழங்கை வரை ஏறிவிட்டதுகூடத் தெரியாமல் ஆட்டினாள். அப்பா, "போதும்மா, வா" என்று சொன்ன பிறகுதான் கையை இறக்கினாள்.

சின்னம்மாவுக்கு விளையாட்டு பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் என்பதோ, கை ஓய்ந்தால் அதுவும் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதோ, அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.