துடைப்பத்துக்குக் காத்திருந்த ஒடீல்

பிரான்சின் மெதோக் வட்டாரத்தில் திராட்சைக் கொடியின் தலையை முழங்கால் உயரத்திலேயே நிறுத்தி வைப்பார்கள். பழத்துக்கு அது நல்லதாம். கவாத்துச் செய்கிறவர்களின் முதுகுக்கு எது நல்லது என்று இதுவரை யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. ஒடீல் காஸ்தேன் பதினெட்டு வயதில் அந்த வரிசைகளுக்குள் குனிந்தவள். ஐம்பத்தெட்டு வயதில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது பிள்ளைகள் ஊரைவிட்டே போயிருந்தார்கள்; புருஷன் மார்சியால் ஓய்வு வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் மட்டும் மறுபடி குனிந்தாள்.

முதுகு போயிற்று, முட்டி போயிற்று, விடியற்காலைப் பனியில் கத்தரி பிடித்துப் பிடித்து விரல் நுனி மரத்துப் போயிற்று. அவள் உடம்பில் களைப்பே தெரியாத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது வாய்தான். மார்சியாலைக் கட்டிக்கொண்டதே அந்த வாயால்தான் என்று ஊரில் பேச்சு. ஏதோ ஒரு நடன விருந்தில் எவளோ ஒருத்தி, "அவன் உன்னையெல்லாம் திரும்பிப் பார்ப்பானா?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த ஜூனில் கல்யாணம்.

போன மார்ச்சிலும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. கவாத்து முடிந்த அன்று தோட்டத்துக்காரர்கள் எல்லாருக்கும் நீண்ட மேசையில் சாப்பாடு. நிர்வாகி தீபோ நல்ல பையன், ஆனால் எதை எங்கே பேசுவது என்று தெரியாதவன். முப்பது பேர் நடுவில் எழுந்து நின்றான்.

"மதாம் ஒடீல், அடுத்த குளிர்காலத்துல நீங்க தோட்டத்துக்கு வர வேணாம். ஒயின் ருசி பாக்க வர்றவங்க கூடத்துல ஒரு இடம் இருக்கு. கோப்பை கழுவணும், ஊத்திக் குடுக்கணும், கொஞ்சம் சிரிக்கணும். கணப்பு இருக்கு, நாற்காலி இருக்கு."

நாற்காலி என்ற சொல் காதில் விழுந்ததும் ஒடீலின் இரண்டு முட்டியும் தனித்தனியாக நன்றி சொல்லின. ஆனால் மேசையே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இருந்த இளவட்டங்கள் இரண்டு முழங்கையால் இடித்துக்கொண்டன. அவ்வளவுதான், வாய் திறந்துகொண்டது.

"நாற்காலியா? அத உங்க பாட்டிக்குப் போடுங்க. செப்டம்பர்ல நான் மாரத்தான் ஓடறேன். துடைப்பம் என்னத் தாண்டிப் போச்சுன்னா வந்து உங்க கோப்பையக் கழுவறேன். தாண்டலேன்னா எங் கொடி எனக்கு. சரியா?"

துடைப்பம் என்றால், ஓட்டத்தின் கடைசியில் தோளில் துடைப்பத்தோடு நடந்து வரும் நான்கு பேர். அவர்கள் யாரைத் தாண்டுகிறார்களோ அவர் கதை முடிந்தது. பின்னால் வரும் பேருந்தில் ஏற வேண்டியதுதான்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான், தான் சொன்னது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று அவளுக்கே விளங்கியது. தோற்றால் போதும். நாற்காலியும் கிடைக்கும், மானமும் நிற்கும். களைத்துப்போனேன் என்று ஒருத்தரிடமும் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பர் வரை அவள் ஒருநாள்கூட ஓடிப் பழகவில்லை.

எங்கள் ஊர் மாரத்தானில் எல்லாரும் வேஷம் கட்டுவார்கள். ஒடீல் அட்டையில் ஓடு செய்து முதுகில் கட்டிக்கொண்டு நத்தையாக வந்தாள். இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்வது? யாருக்கும் புரியவில்லை. "பாத்தியா தைரியத்த!" என்று கைதட்டினார்கள்.

வழியில் உள்ள ஒவ்வொரு திராட்சைத் தோட்டத்து மாளிகை வாசலிலும் மேசை போட்டு ஒயின் ஊற்றுவது வழக்கம். அங்கங்கே நின்று, நிதானமாக ருசித்து, கதை பேசி, நேரத்தைக் கரைப்பது அவள் திட்டம். முதல் மாளிகையில் கோப்பையை நீட்டினாள். சமையல்காரி நதேஜ் ஒரு மடக்கு ஊற்றி, அதையும் பாதியில் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும்டி அழகி, கிளம்பு! அந்தப் பய தீபோவ விடக்கூடாது!"

"கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேனே..."

"ஜெயிச்சுட்டு வந்து வாங்கு!" என்று நத்தை ஓட்டைப் பிடித்துத் தள்ளினாள்.

அப்புறம் வழி நெடுக அதே கதைதான். சபதம் ஊரெல்லாம் பரவியிருந்தது. கத்தரி பிடித்த கை உள்ள ஒவ்வொருத்தியும் அவள் பக்கம். ரோமானிய வீரன் வேஷத்தில் ஒருவன் கைப்பிடித்து இழுத்தான். வாத்தியக் கோஷ்டி அவள் பின்னாலேயே ஊதிக்கொண்டு வந்தது. தான் கவாத்துச் செய்யும் கொடி வரிசைகளைக் கடந்தபோது ஒடீல் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழம் கறுத்துத் தொங்கும் என்று தெரியும். அந்தக் கொடிகளை அவள் நாற்பது குளிர்காலம் பார்த்தாயிற்று. அடிக்கடி பின்னால்தான் திரும்பினாள். துடைப்பம் எங்கே? காணவில்லை.

முடிவுக்குக் கொஞ்சம் முன்னால், ஓடுகிறவர்களுக்குச் சிப்பி பரிமாறும் இடத்துக்கு வரும்போது கால் அவளுடையதாக இல்லை. ஒரு மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். இனி வந்து தாண்டட்டும். கொஞ்ச நேரத்தில் நான்கு துடைப்பங்களும் தெரிந்தன. முன்னால் வந்தவன் ஈவ், அவள் தோட்டத்திலேயே டிராக்டர் பழுது பார்க்கிறவன். பக்கத்தில் வந்தான், நின்றான், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"என்னடா பண்றீங்க?"

"செருப்புல கல்லு," என்றான் ஈவ்.

"நாலு பேருக்குமா?"

"பெரிய கல்லு."

"நேரம் ஆயிருக்குமே, ஈவ்."

"கடிகாரம் நின்னு போச்சு. நீ மெதுவா எந்திரி. இன்னும் கொஞ்ச தூரந்தான். நாங்க உனக்கு முன்னாடி ஒரு அடி வெக்க மாட்டோம். எங்கள அப்பிடிப்பட்டவங்கன்னா நெனச்ச?"

ஒடீல் நான்கு முகங்களையும் பார்த்தாள். எல்லாம் நல்ல முகங்கள். இவர்களை வைத்துக்கொண்டு தோற்கவும் முடியாது. எழுந்து ஓடினால் டிசம்பரில் பனிக்குள் குனிய வேண்டும், அதற்கடுத்த டிசம்பரிலும். வாயைத் திறந்தாள்.

"எனக்குப் போதும், ஈவ்."

"உன்னால முடியும்."

"முடியும். முடியாதுன்னு யார் சொன்னா? எனக்கு வேணாம்டா. குனிஞ்சு குனிஞ்சு களைச்சுப் போச்சு. அந்த நாற்காலி எனக்கு வேணும். மார்ச்லேயே வேணும்."

சிப்பி திறந்துகொண்டிருந்தவர்கள் கத்தியை நிறுத்தினார்கள். வாத்தியக் கோஷ்டியில் குழல் ஒன்று பாதியில் நின்றது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றான் ஈவ் மெல்ல.

"முப்பது பேர் இருந்தாங்க."

"இங்க அதவிட அதிகம்."

"அதான் பாக்கறேன்."

ஈவ் தன் வலது தோளைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, துடைப்பத்தை எடுத்து, யாரோ தூங்குகிற அறையைக் கடப்பதுபோல அவளைத் தாண்டி நடந்தான். மற்ற மூன்று பேரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தாண்டினார்கள்.

பேருந்தில் நத்தை ஓட்டுக்கு இடமில்லாமல் அதைக் கழற்றி மேலே வைத்தார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு தேனீ குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. ஓட்டம் முடிகிற ஆற்றுப் படித்துறையில் இறங்கியபோது தீபோ வெளுத்த முகத்தோடு ஓடி வந்தான்.

"மதாம் ஒடீல், எல்லாரும் என்னத் திட்டறாங்க. சபதத்த விடுங்க. கொடியெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க."

"வெச்சுக்கோன்னு இன்னொரு தடவ சொன்னே, ஆத்துல தள்ளிடுவேன்," என்றாள் ஒடீல். "கூடத்த எத்தன மணிக்குத் தொறப்பீங்க?"

"பத்து மணிக்கு."

"காலையிலயா?"

"காலையிலதான், மதாம்."

"பத்து மணிக்கு," என்று அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு அங்கிருந்த படிக்கட்டிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தாள்.