செத்துப்போன லென்ஸும் கண்ணாடிச் சில்லும்

இன்று மதியம் கேம்பல் பே போகும் தீவுக் கப்பலுக்காக ஜெட்டியில் வரிசையில் நின்றிருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு பெங்காலிப் பெண். அவர் மகளின் செருப்பு அறுந்து, வெறுங்காலில் ஓடியதில் குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. ரத்தம் வருகிறது, சில்லு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

என் பையில் கடல் தண்ணீர் புகுந்து செத்துப்போன கேமரா லென்ஸ் ஒன்று உண்டு. திருப்பிப் பிடித்தால் நல்ல பூதக்கண்ணாடி. அதை வெளியே எடுத்தேன்.

அவர் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டார். "போட்டோ மத் லோ!" எடுக்காதே என்கிறார்.

"போட்டோ நஹி, தீதி. கேமராவே இல்ல. ஆப் தேகோ, நீங்களே பாருங்க" என்று லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தேன்.

தன் விரலை அதில் பார்த்தார். பிறகு லென்ஸைத் திருப்பித் தந்து, மகளின் காலை என் பக்கம் நீட்டினார்.

பையிலிருந்த ட்வீசரைச் சானிடைசரால் துடைத்துக்கொண்டு குனிந்தேன். கப்பல் ஹாரன் அடித்தது.

"அக்கா, ஜல்தி! கேட்ட மூடப் போறாங்க" என்றார் பின்னால் நின்றவர்.

"வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க, அண்ணே!"

ட்வீசர் இரண்டு முறை வழுக்கியது. அடுத்த முறை சில்லு வந்துவிட்டது. கைக்குட்டையால் கட்டு போட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். ஏறிவிட்டோம்.

டெக்கில் அந்தச் சிறுமி லென்ஸை வாங்கி என் முகத்தருகே பிடித்துப் பார்த்து அலறினாள். சில்லு எடுத்தபோதுகூட அப்படி அலறவில்லை.

"உடைந்ததை எதற்கு வைத்திருக்கிறாய்" என்று வீட்டில் திட்டு வாங்குகிறவர்களே, கடலில் போன் சிக்னல் போவதற்குள் சொல்லுங்கள்: உங்கள் பையில் என்ன இருக்கிறது?