ஹாலில் உட்காரத் தடை

லிங்கராஜபுரத்தில் நாம் வாடகைக்கு இருந்த வீட்டில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை உங்கள் அம்மா பகலில் பார்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் காலையில் ஸ்கூட்டரில் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பிள்ளைக்கு முத்தம் கொடுக்கப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு உதவியாக அடுத்த தெரு அக்கா ஒருவர் வந்துகொண்டிருந்தார்.

வருமானம் கூடியதும் வரி வந்தது. ஆடிட்டர் போட்ட கணக்கைப் பார்த்து அம்மாவின் முகம் வாடிவிட்டது.

"இவ்ளோ கட்டினா அக்காவ நிறுத்தணுமேங்க."

ஆடிட்டர்தான் வழி சொன்னார். "தொழிலுக்காக ஆகுற செலவ வருமானத்துல கழிச்சுக்கலாம் சார். பால், ராகி, பொம்மை. ஹால் பிள்ளைங்களுக்காகவே இருந்தா, அந்த வாடகையும்."

நான் எட்டாவது வரை படித்தவன். பிள்ளைகளுக்காகவே என்றால் நாம் அங்கே இருக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே டிவியை அரிசி டிரம் மேல் ஏற்றினேன். சாப்பாடு, பாடம், படுக்கை எல்லாம் சமையலறையில். ஹாலைக் கடக்கலாம், நிற்கக் கூடாது. சின்னவளே, நீதான் கேட்டாய்: "நடுவுல தும்மல் வந்தா என்னப்பா பண்றது?"

"அடக்கிட்டுப் போய் கிச்சன்ல தும்மு."

உங்கள் மாமா வந்தபோதுகூட காஸ் அடுப்புக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டேன். பாவம், வேர்த்து வழிந்தபடி காபி குடித்தார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கையெழுத்து வாங்க ஆடிட்டர் வீட்டுக்கே வந்தார். சமையலறையில் நாம் நாலு பேரும் முட்டி இடிக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஹாலில் ஒரே ஒரு குழந்தை. அக்கா அதற்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனு, என்ன சார் இது? இவ்ளோ இடம் இருக்கு, அங்க போய் ஏன் நெருக்குறீங்க?"

காரணத்தைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வாடகையில பகலுக்கு ஒரு பங்கு காட்டினாப் போதும் சார். ராத்திரி நீங்க தாராளமா கால நீட்டிப் படுங்க. ஆனா அதுல வரி பெரிசா குறையாது." அப்போதுதான் ஹால் பக்கம் திரும்பினார். "ஆமா, அந்தம்மா யாரு?"

"எங்க அக்கா மாதிரி சார்."

"சம்பளம்?"

"மாசம் பொறந்தா கரெக்டா கொடுத்துடுவோம்."

"அய்யோ, அதுதானே சார் பெரிய செலவு! ஏன் சொல்லல?"

"நம்ம கூட உக்காந்து சாப்பிடுறவங்க சார். அவங்களப் போய் செலவுன்னு எழுதினா மனசு கஷ்டப்படாதா?"

கஞ்சி ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. "அட கிறுக்குத் தம்பி! செலவுன்னு எழுதினா நான் தேஞ்சா போவேன்? எழுதலன்னாதான் வேல போகும் போலிருக்கே! எழுதுங்க சார், நல்லா பெரிசா எழுதுங்க!"

ஆடிட்டர் அங்கேயே மறுபடி கணக்குப் போட்டார். "அக்கா இருக்கட்டும்மா, ஒண்ணும் பயமில்ல" என்றார். அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் சம்பளத்தை ஐம்பது ரூபாய் கூட்டித் தருவதாக அப்போதே சொல்லிவிட்டாள்.

நான் முந்திக்கொண்டேன். "சார், அதையும் எழுதிக்குங்க."