பேரத்துக்கு இடம் விடாத எஸ்டிமேட்

1. வகுப்புக்குள் வந்த மேஸ்திரி

கௌரி மைக்கை மியூட் பண்ண மறந்திருந்தாள். நான் எடுக்கும் கட்டடச் செலவு மேலாண்மை ஆன்லைன் வகுப்பின் நடுவில் அவள் அப்பாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"உங்க மேடத்தையே கேளு. பேரத்துக்கு இந்த எஸ்டிமேட்டுல எங்க இடம் விட்டிருக்குது?"

கேமராவைத் திருப்பச் சொன்னேன். அவள் அப்பா ஏகாம்பரம், கணியம்பாடியில் கட்டட மேஸ்திரியாக இருந்து கான்ட்ராக்டர் ஆனவர். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் புதுக் கட்டடம். கீழே தோல் பதனிடும் கூடம், மேலே தோல் காயவைக்கும் தளம். மறுநாள் அதன் முதலாளியிடம் அவர் விலை சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் சதுர அடிக்கு ஒரே ரேட் சொல்வார்கள். முதலாளி குறைப்பார் என்று தெரிந்தே கொஞ்சம் ஏற்றியும் சொல்வார்கள். கௌரி இரண்டையும் செய்யவில்லை. வகுப்பில் படித்தபடி ஒவ்வொரு வேலையாக அளவெடுத்து, லாபம் சேர்த்து, கூட்டி வைத்துவிட்டாள்.

"கணக்கு கரெக்டுதான் மேடம். ஆனா முதலாளி பாய் குறைக்காம விடமாட்டாரு. குறைச்சா என் லாபம் பூடும். இந்த வேலை கெட்டுதுன்னா இவள ஷூ கம்பெனி ஆபீசுல சேத்துடுவேன். ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கேன்."

கௌரி தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவின் தொழிலுக்குள் வரத்தான் அவள் இந்தப் பாடத்தையே எடுத்திருந்தாள்.

"சரி சார், இப்பவே பேரம் பேசிப் பாப்போம். நான்தான் பாய்" என்றேன். "இன்னாம்மா இது, ஜாஸ்தியா இருக்கே. ரவுண்டா போடு."

"சரிங்க பாய்" என்றாள் கௌரி.

"அவ்ளோதான், கடைய மூடு" என்றார் ஏகாம்பரம். வகுப்பே சிரித்தது.

மறுபடியும் கேட்டேன். இந்த முறை அவள் எஸ்டிமேட்டைப் பார்த்தாள். "எந்த வேலைய கம்மி பண்ணட்டும் பாய்?"

ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

2. ஆம்பூர் ஆபீஸ்

மறுநாள் நடந்ததைக் கௌரி போனில் சொன்னாள்.

"இன்னா ஏகாம்பரம், பொண்ண பேச விட்டுட்டு நீ டீ குடிக்கிறியா?" என்று முதலாளி ஆரம்பித்திருக்கிறார். பிறகு வழக்கம்போல, "கொஞ்சம் கம்மி பண்ணும்மா."

"கீழ்த்தரைக்கு சரிவும், கெமிக்கல் தாங்குற கல்லும் போட்டிருக்கேன் பாய். அத எடுத்தா கம்மி ஆகும். தண்ணி நிக்கும்."

"அதுல கை வெக்காதே. மேல?"

"மேல சுவரே இல்ல, காத்துக்கு மரச்சட்டம்தான். பூச்சு வேலை கிடையாது. அங்க ரேட்டே கம்மி பாய்."

"முன்னாடி இது இன்னா?"

"எலிவேஷன் டைல்ஸ். ரோட்டுல இருந்து பாக்க நல்லாருக்கும்."

"தோல் காயறதுக்கு அழகு இன்னாத்துக்கு? எடுத்துடு."

எடுத்தாள். மொத்தம் குறைந்தது, டைல்ஸ் போக மீதி வேலைக்கான லாபத்தில் யாரும் கை வைக்கவில்லை. அங்கேயே வேலை உறுதியானது. திரும்பும் பஸ்ஸில் அப்பா சொன்னாராம்: "ஒடுகத்தூர்ல ஒரு வீடு கட்டுற வேலை பேசிக்கினு இருக்கேன். நாளைக்கு அளவெடுக்க டேப் எடுத்துக்கினு என்கூட வா."

இப்போதெல்லாம் மாணவர்கள் எஸ்டிமேட் போட்டு அனுப்பினால் மட்டும் நான் மதிப்பெண் தருவதில்லை. என்னோடு பேரம் பேசி முடிக்க வேண்டும். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: யாராவது குறைக்கச் சொன்னால் உடனே தொகையை மாற்றாதீர்கள். எந்த வேலை வேண்டாம் என்று கேளுங்கள். அதை அவர் வாயால் சொன்ன பிறகு கால்குலேட்டரை எடுங்கள்.