அப்போது யார் ஓட்டினார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து ஹைதராபாத்துக்குப் படிக்க வந்தவள் நான். கல்லூரிப் படிப்போடு விமானம் ஓட்டவும் கற்று, இப்போது ஒரு பயிற்சி நிலையத்தில் உதவிப் பயிற்றுநராக இருக்கிறேன்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வசிக்கும் ஸ்டெல்லா என் மாணவி. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில், ஒருநாள் அவள் ஓட்ட, விமானத்தில் மேலே போனதிலிருந்து இருவரும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தோம். அது சின்ன விமானம். இருவர் முன்னாலும் ஓட்டுவதற்கு ஒவ்வொரு கைப்பிடி. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். அவள் பக்கத்து ஜன்னலில் தெரிந்த ஏரியைக் காட்ட நான் சாய்ந்தபோது என் கை கைப்பிடியில் பட்டது. உடனே எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு விமானம் ஆடாமல் அசையாமல் போனது. எனக்கே ஆச்சரியம்.

"நல்லா ஓட்டுறாய், ஸ்டெல்லா" என்றேன்.

அவள் திகைத்துத் திரும்பினாள். "நானா? நீங்கதானே ஓட்டுறீங்க மேடம்! நீங்க கை வெச்சதும் நான் விட்டுட்டேனே!"

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. இடது இறக்கை மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது. பாய்ந்து பிடித்து நிமிர்த்தினேன்.

ஓட்டும் பொறுப்பைக் கைமாற்றும்போது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த விதி அது! எவ்வளவு நேரம் யாருமே ஓட்டாமல் பறந்தோம் என்று இன்றும் யோசிக்கிறேன், தெரியவில்லை.

இப்போதெல்லாம் கை தவறிப் பட்டாலும் சொல்லிவிடுகிறேன். யாரையும் பாராட்டும் முன், அவர்கள் கை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.