மேட்டுத்தெருவைத் தேடிய பதினோரு நாள்

1. கையெழுத்து

தாசில்தார் என் மேஜையில் ஒரு தாளை வைத்து, “இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்கம்மா” என்றார்.

டைப் அடித்த இரண்டே வரி. மேட்டுத்தெருவில் குடியிருப்போருக்கு அரசு இடம் கொடுத்ததற்கான ஆவணம் எதுவும் இந்த அலுவலகப் பதிவறையில் இல்லை என்று இருந்தது. அரியலூர் மாவட்டத்துத் தாலுகா ஆபீஸ் ஒன்றில் ரெக்கார்ட் கிளார்க்காக நான் பொறுப்பேற்று அன்று மூன்றாவது நாள். உள்ளே எத்தனை பீரோ இருக்கிறது என்றுகூட எண்ணி முடிக்கவில்லை.

“தேடிப் பாக்காம எப்படி சார் இல்லைன்னு எழுதறது?”

“உங்களுக்கு முன்னாடி இருந்தவர் தேடிட்டாரும்மா.”

“அப்ப அவரு கையெழுத்தையே வாங்கிக்குங்க சார்.”

“அவரு ரிட்டயர் ஆயி ஊருக்குப் போயிட்டாரும்மா. உங்க சொந்த ஊரு எது?”

“குரும்பலூர் சார்.”

“குரும்பலூர்ல எல்லாருமே இப்படித்தானா?” என்று சிரித்துக்கொண்டே தாளை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து நெருக்கினார்கள், அவர் கீழே நெருக்கினார். ஆபீஸ் என்றால் அப்படித்தான்.

விஷயம் இதுதான். மேட்டுத்தெரு உடையார்பாளையம் பக்கம் இருக்கிறது, முப்பத்தெட்டு வீடு. எல்லாம் மந்தைவெளிப் புறம்போக்கில், அதாவது ஊர் ஆடுமாடு மேய்வதற்கென்று ஒதுக்கிய இடத்தில். ஆக்கிரமிப்பு என்று செவன் நோட்டீஸ் போயாகிவிட்டது. அது விளக்கம் கேட்கிற நோட்டீஸ். அடுத்து சிக்ஸ் நோட்டீஸ் போனால் ஜேசிபிதான். ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், நடத்தும் விசாரணைக்குப் பதினோரு நாள் இருந்தது. எங்களைச் சர்க்கார்தான் இங்கே கொண்டுவந்து வைத்தது என்று அந்த ஜனங்கள் சொன்னார்கள். அதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. என் கையெழுத்து விழுந்தால் முப்பத்தெட்டு வீடும் விழும்.

ரெக்கார்ட் ரூமில் போட்டால் தண்டனை என்று நினைப்பவர்கள் உண்டு. என்னையும் அப்படி நினைத்துத்தான் போட்டார்கள், என் வாய் அப்படி. போட்ட இடத்தில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பேன் என்று எதிர்பார்த்தால் அது அவர்கள் தப்பு.

2. ஒரு வாரம் வீண்

முதல் ஏழு நாளும் நிலப் பதிவேடுகளிலேயே தேடினேன். பழைய அ-பதிவேடு, அடங்கல், வீட்டுமனை ஒப்படைக் கோப்புகளின் இண்டெக்ஸ் என்று எதையும் விடவில்லை. தூசியில் தொண்டை கட்டிக்கொண்டது. மேட்டுத்தெரு என்ற பேரே எங்கும் இல்லை. எல்லாவற்றிலும் மந்தைவெளி, மந்தைவெளி, மந்தைவெளி.

தினமும் ஒருவர் வந்து பதிவறை வாசலில் நிற்பார். பொன்னுசாமி, மேட்டுத்தெருக்காரர், அறுபதைத் தாண்டியவர். ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார். ஏழாம் நாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“இங்க வந்து நின்னா பேப்பர் தானா வந்துடுமா? உள்ள வாங்க. உங்களை எப்ப, எப்படிக் கொண்டாந்து வெச்சாங்க? தெரிஞ்சதை முழுசாச் சொல்லுங்க.”

ஸ்டூலைக் காட்டினேன். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார்.

“நான் பொறக்கறதுக்கு முந்திங்க, வெள்ளைக்காரன் காலம். எங்களுக்குக் கொள்ளிடக்கரைதான் ஊரு. விடியக்காலம் கரை ஒடைஞ்சு தண்ணி வூட்டுக்குள்ள வந்துடுச்சு. எங்கப்பா கெணத்துல மாடு கட்டிக் கவலை எறைக்கிற கயித்த எடுத்து இலுப்பை மரத்துல கட்டி, எல்லாரையும் அதுல கோத்துக் கட்டிட்டாரு. ஒரு பகலு, ஒரு ராத்திரி மரத்துலயே இருந்திருக்காங்க. அப்பறம் பரிசல் வந்து எறக்குச்சு. ஊரு இருந்த எடத்துல மணலுதான். சர்க்கார்ல நடத்திக் கூட்டியாந்து, இந்த மேட்டுல கொட்டாய் போட்டு வெச்சாங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னங்க. தண்ணிக்குத் தப்பிச்சதுங்க மேட்டுல வந்து செத்துச்சுங்க. கழிச்சல் நோவு. எங்கக்கா ஒண்ணு போயிடுச்சு, சின்னப் புள்ள. நான் அதுக்கப்பறம் பொறந்தவன். எங்கம்மா சாவற வரைக்கும் அந்தப் புள்ள பேரைச் சொன்னதில்ல. நாங்களும் கேட்டதில்ல.”

அந்தக் காலத்தில் ஒரு ஊரில் கழிச்சல், அதாவது காலரா, கண்டு சாவு விழுந்தால், இப்போதைய வி.ஏ.ஓ. மாதிரி இருந்த கிராம முன்சீப் சும்மா இருக்க முடியாது. மேலே தகவல் அனுப்ப வேண்டும், பிறப்பு இறப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினால் இறந்த இடத்தையும் எழுத வேண்டும்.

ஒரு வாரமாக நான் செய்தது மடத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது. நிலமே இல்லாத ஜனத்தை நிலப் பதிவேட்டில் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவரும் அதைத்தான் செய்திருப்பார். வருவாய்த்துறைக்காரர்களான எங்களுக்கு எல்லாமே சர்வே நம்பர்தான்.

3. ஓட்டுப்பெட்டிக்கு அடியில்

அந்த ஊரின் பழைய இறப்புப் பதிவேடுகள் எங்கள் அறையில் இல்லை. பெரம்பலூருக்கு அனுப்பியதாகப் பட்டியலில் இருந்தது. கேஷுவல் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் பஸ் ஏறினேன். அங்கே பதிவறையில் இருந்த தம்பி என் அவசரம் புரியாமல் நிதானமாக லெட்ஜரைப் புரட்டினான்.

“அரியலூருக்கே திருப்பி அனுப்பியாச்சுக்கா. இதோ பாருங்க, ஒங்க ஆபீஸ் சீல்.”

சீல் இருந்தது. ஆனால் பதிவேடு வரவில்லை. இது எப்படி என்று இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது, பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. பிறகு இரண்டும் சேர்ந்தன, மறுபடி பிரிந்தன. ஒவ்வொரு தடவையும் பண்டல் பண்டலாகக் கட்டி லாரியில் ஏற்றினோம். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று பண்டலைப் பிரித்துப் பார்க்காமல் பட்டியலைப் பார்த்தே சீல் வைத்தோம். நானும் வைத்திருக்கிறேன், மறைப்பானேன்.

“தம்பி, அனுப்பாம எங்கயாச்சும் தங்கியிருந்தா எங்க தங்கியிருக்கும்?”

“இங்க எடமில்லேன்னா எல்லாத்தையும் பழைய கட்டடத்துலதான் போடுவாங்க. அங்க பாம்பு இருக்குக்கா.”

“இருக்கட்டும். சாவியக் குடு.”

பாவம், அவனும் கூடவே வந்தான். இரண்டு நாள் தேடினோம். பாம்பு இல்லை, கரையான் இருந்தது. பத்தாம் நாள் மத்தியானம், பழைய இரும்பு ஓட்டுப்பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில், ஈரம் படாமல் இருக்க அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த முட்டுதான் பதிவேடு. ஓரமெல்லாம் அரித்திருந்தது, நடுப்பக்கம் பிழைத்திருந்தது.

ஒன்பது நாளில் பதினோரு சாவு. முன்சீப் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இறந்த இடம் என்ற பத்தியில் பதினோரு தடவையும் சலிக்காமல் எழுதியிருந்தார்: ‘கொள்ளிடம் வெள்ளத்தில் வந்தவர்களுக்கு சர்க்கார் உத்திரவுப்படி மந்தைவெளியில் போட்ட கொட்டகை.’

தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்தத் தம்பி பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

4. விசாரணை

மறுநாள் காலையில் தாசில்தாரிடம் பதிவேட்டை விரித்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். என் மேஜையில் கிடந்த அந்த டைப் தாளைத் தானே எடுத்துக் கிழித்தார். “வாங்கம்மா, நீங்களே வந்து ஆர்டிஓகிட்ட சொல்லுங்க” என்றார்.

விசாரணையில் மேட்டுத்தெரு ஆட்கள் நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். ஆர்டிஓ இளம் அதிகாரி. பதிவேட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார், தகப்பன் பெயரோடு. நாலைந்து பெயர் போனது.

“தங்கம். பெண். வயசு மூணு. தகப்பன் பேரு ராமன்.”

“ஐயா, செத்த நேரம் நில்லுங்க” என்று பொன்னுசாமி கையை உயர்த்தினார். “அந்தப் பேர இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

“தங்கம். இந்தப் புள்ள உங்களுக்கு என்ன வேணும்?”

“எங்கக்காங்க” என்றார். “இப்பத்தாங்க பேரு தெரியும்.”

ஆர்டிஓ பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி அந்த வரியைக் காட்டினார். பிறகு மீதிப் பெயர்களையும் படித்து முடித்துவிட்டு, “இவங்க வந்து ஆக்கிரமிக்கல. நாமதான் கொண்டாந்து வெச்சிருக்கோம்” என்று தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார். நோட்டீஸ் ரத்தானது. நிலத்தை வகைமாற்றம் செய்து பட்டா கைக்கு வர மேலும் இரண்டு வருஷம் இழுத்தது. அதற்கும் நான் விடாமல் நச்சரித்தேன்.

பதிவறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆவணம் இல்லை என்று எழுதக் கை போகும்போது, எந்தெந்தப் பதிவேட்டைப் புரட்டவில்லை என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் காலியாகும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். அந்த மூன்று வயதுப் பிள்ளை அங்கே இருந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வரி. அதன்மேல் ஓட்டுப்பெட்டியை அடுக்கிவிட்டு, இல்லை என்று எழுத இருந்தோம்.