முத்தலிப் பாய் ருசி பார்க்காத தண்ணீர்

பரங்கிப்பேட்டையில் அப்துல் முத்தலிப்பை விட்டால் தோணியில் சாமான் ஏற்ற ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. மூன்று நாள் பயணத்துக்கு அவர் மூட்டை கட்டினால் அரிசியில் ஒரு மணி நனையாது. கனமானதெல்லாம் நடுவில், தீப்பெட்டி இறுக மூடிய டப்பாவில், எல்லாவற்றுக்கும் மேலே படுதா. இடையில் வேறு யாராவது கை வைத்தால் மனுஷன் கடித்துக் குதறிவிடுவார்.

அறுபத்து நாலாம் வருஷம், தை மாதம், நோன்பு நேரம். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை அளக்க சர்வேயர் பக்கிரிசாமி வந்திருந்தார். மூன்று நாளும் காட்டுக்குள்ளேதான் கூடாரம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஒரு வாய் குடிக்க முடியாது, அத்தனையும் உப்பு. நாலு குடம் நல்ல தண்ணீர் ஏற்றினால்தான் உயிர்.

அன்றைக்குப் பார்த்து வண்டிக்காரன் ஊர்க் கிணறு வரை போகச் சோம்பல்பட்டு ஆற்றோரக் கிணற்றில் மொண்டு வந்திருந்தான். ஒரு நாள் இனிக்கும், ஒரு நாள் கரிக்கும் கிணறு அது. தான் குடித்துவிட்டுத்தான் வந்ததாகச் சத்தியம் வேறு செய்தான், புளுகன். முத்தலிப் நம்பவில்லை. முகர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். பளிங்காக இருந்தது. நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் நோன்பாளி, துறையில் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

சர்வேயரையோ நின்றவர்களில் ஒருவரையோ குடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், தான் ஏற்றும் தண்ணீரில் தனக்கே சந்தேகம் என்று ஆகுமே! பாய் அதற்கு ஒப்புவாரா? சர்வேயரோ கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, நீர் வற்றினால் கால்வாய்க்குள் போக முடியாது என்று நச்சரித்தார். துணைக்குத் துடுப்புப் போடும் சூசைமாணிக்கம் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்து ஏறினான். குடங்களுக்குத் துணி கட்டி, தோணியைத் தள்ளிவிட்டார்கள்.

வழியெல்லாம் சர்வேயர் தன் கூஜாத் தண்ணீரையே குடித்து வந்தார். காட்டுக்குள் ஒரு மேட்டில் கூடாரம் அடித்து முடிக்கவும் சூரியன் இறங்கவும் சரியாக இருந்தது. முத்தலிப் பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்து, முதல் குடத்தில் மொண்டு வாயில் ஊற்றினார்.

உப்பு.

இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. எல்லாம் உப்பு. அதற்குள் நீர் வற்றி, தோணி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. விடியற்காலை நீர் ஏறினால்தான் நகரும். கூஜாவில் மிச்சம் மூன்று தம்ளர்.

சர்வேயர் கத்தித் தீர்த்தார். ஏற்றும்போது நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதா என்று கேட்டார். நோன்பு சார், என்றார் முத்தலிப், தலையைத் தூக்காமல்.

சூசைமாணிக்கம் விடவில்லை. “நாக்குல வெச்சுத் துப்பிட்டா நோம்பு போவாதுன்னு உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிருக்காரே மாமா. எனக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா?”

“தெரியும்டா.” முத்தலிப் குடத்தின் துணியைத் திரும்பக் கட்டினார். “பாக்குறவங்க பாய் தண்ணி குடிக்கிறாருன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். அல்லாவுக்குப் பயந்து இல்ல. மனுசனுக்குப் பயந்து.”

சர்வேயர் கூஜாவைத் திறந்தார். மூன்று தம்ளரும் ஆளுக்கு ஒன்றாயிற்று. முத்தலிப் தனக்கு வேண்டாம் என்றார். நீ மயங்கி விழுந்தால் யார் துடுப்புப் போடுவது என்று அதட்டி சூசைமாணிக்கம் குடிக்க வைத்தான்.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு ஒரு சொட்டில்லை. வெறும் வாயோடு நோன்பு வைத்து, விடிந்ததும் எதிர்நீரில் நாலு மணி நேரம் துடுப்புப் போட்டார். துறை தெரிந்தபோது கண் இருட்டியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கரையில் அதே கூட்டம். தோணி ஏன் பாதியில் திரும்பியது என்று வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர் கூடியிருந்தார்கள்.

மீன்கூடையோடு நின்ற பட்டம்மாளிடம் தண்ணீர் கேட்டார். அந்தம்மாள் சொம்பை நீட்டியவள், சட்டென்று தயங்கி, “நோம்பாச்சே பாய், மறைவா போய்க் குடிக்கிறீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

“வேணாம்மா. இங்கயே குடிக்கிறேன்.”

சுள்ளென்ற வெயிலில், துறை முழுக்கப் பார்க்க, சொம்பைத் தூக்கிக் கடகடவென்று குடித்தார். விட்ட நோன்பைப் பெருநாள் கழித்துப் பிடித்துக்கொள்ளலாம். பிறகு நாலு குடத்தையும் ஆற்றில் கவிழ்த்துவிட்டு, ஊர்க் கிணற்றுக்குத் தானே நடந்தார்.